கல்லுக்குள்ளே நைட் ஷிப்ட்

எஹலியகொடயில் கல் என்றாலே ஆட்களுக்குக் கண் விரியும். நான் இப்போது எட்டிப் பார்க்கிற கல்லை மாணிக்கக் குழியில் ஒருவரும் சீண்ட மாட்டார்கள். ஓட்டை ஓட்டையாய், அழுக்கு நிறத்தில், கடல் வாடையோடு உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் குந்தியிருக்கிற பாறைத் துண்டு. ஆனால் அதற்குள் நடக்கிற கூத்து இருக்கிறதே, அடேயப்பா!

இந்தக் கூத்தை ஊரறியச் செய்தவர் ஜகார்த்தாவின் லீ சின் எங். அந்தக் காலத்தில் கடல்மீன் வளர்த்தவர்கள் பவள எலும்புக்கூட்டை வெளுத்துக் கழுவி அழகுக்கு வைப்பார்கள். மீன்களோ செத்து மிதக்கும். லீ உயிரோடிருந்த கல்லையும் பவளத்தையும் அப்படியே கடல் நீரில் வைத்தார். மேலே வெயில், உள்ளே மெதுவாக ஏறும் காற்றுக் குமிழ்கள். பில்டர் பெட்டியே கிடையாது! 1961இல் ‘டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்’ என்ற அமெரிக்க இதழில் அதை எழுதினார்.

பில்டர் வேலையைக் கல்தான் பார்க்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை அதன் மேற்பரப்பிலுள்ள பக்டீரியா நைத்திரைற்றாக்கும். இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்றாக்கும். எனக்குப் பிடித்தது மூன்றாம் கூட்டம். ஒட்சிசன் எட்டாத ஆழ ஓட்டைக்குள் ஒளிந்திருந்து, நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியே தள்ளிவிடும்.

இரவில் சிவப்பு டோர்ச் அடித்துப் பாருங்கள். பகலில் தலைகாட்டாத முள்மயிர்ப் புழுக்கள் நெளிந்து வரும். ஐயோ என்று கத்தாதீர்கள், மிச்சத் தீனியைத் தின்று தீர்ப்பதே அவைதான்!

பகல் ஷிப்ட் வெயிலுக்கு. பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியை வாங்கிச் சாப்பாடு தயாரித்து, பெரும்பங்கைப் பவளத்துக்கே கொடுத்துவிடும்.

வெயில் நம்மூரிலும் இருக்கிறது. ஆனால் மழை? ஒரு லீற்றரில் 35 கிராம் உப்பு இருக்க வேண்டிய தண்ணீரை, திறந்த தொட்டியில் ஒரு பெருமழை கெடுத்துவிடும். வெயில் நாளில் கதை மாறும்: தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும், அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரே ஊற்ற வேண்டும். உச்சி வெயில் சின்னத் தொட்டியை 30 பாகைக்கு மேல் ஏற்றினால் பவளம் வெளிறும். 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையில் அதுதான் நடந்தது. ஆகவே கிழக்குப் பார்த்த இஸ்தோப்பு, காலை வெயில், மேலே மழை மறைக்கும் தெளிந்த தகடு, கொஞ்சம் பெரிய தொட்டி: என் தீர்ப்பு இது.

கடல் நீரைக் கானில் நிரப்பி அவிசாவளை பஸ்ஸில் ஏற்றுவதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. பக்கற்றில் வரும் கடலுப்பைக் கரைப்பதே புத்தி. காய்ந்த கல்லை வைத்து, பக்டீரியா குடியேறும்வரை சில வாரம் மீன் விடாமல் பொறுங்கள், அதுவும் உயிர்பெறும். ஹிக்கடுவைக்குச் சுற்றுலா போனால் மட்டும் கை நீட்டாதீர்கள்: கடலில் பவளம் உடைத்து எடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம்.