லிஸ்பனில் ஒரு பகல்: மிளகுக் காசும் மீண்டெழுந்த வீதிகளும்

லிஸ்பன் முழுவதையும் ஒரே நாளில் சுற்றிவிட முடியாது. ஆனால் அந்த நகரம் எப்படிச் செழித்தது, எப்படி விழுந்தது, எப்படி எழுந்தது என்ற மூன்றையும் பொழுது சாய்வதற்குள் கண்ணால் பார்த்துவிடலாம். தேஜோ ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இந்தப் போர்ச்சுகல் தலைநகரில் நானும் கணவரும் அந்த வரிசையில்தான் சுற்றினோம்.

காலை: பெலேம்

ஆற்றோரமாக ஓடும் 15ஆம் எண் டிராமில் ஏறினால் பெலேம் வந்துவிடும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஜெரோனிமோஸ் மடாலயம். மன்னர் முதலாம் மனுவேல் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்த பணி அது. ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் கப்பலில் வந்த சரக்குகளுக்கு விதித்த 5 சதவீத வரிதான் அதற்கான முதல். உள்முற்றத்துத் தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முறுக்கிய கப்பல் கயிறும் கடற்பாசியும் கொடியும் சுண்ணாம்புக் கல்லில் புடைத்து நிற்கின்றன.

“ஏங்க, இதெல்லாம் நம்ம பக்கத்து மிளகுக் காசா?” என்றேன்.

“மிளகு, பட்டை, கிராம்பு... கப்பல் கப்பலா வந்ததுல்ல” என்றார்.

தேவாலயத்துக்குள் நுழைந்ததும் வாஸ்கோடகாமாவின் கல்லறை. கைகூப்பிப் படுத்திருக்கும் கல்லுருவம். 1498இல் கோழிக்கோடு வந்தவர், 1524இல் கொச்சியில் இறந்து அங்கேயே அடக்கமானார். எலும்புகள் பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டுவரப்பட்டன. 1502இல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்ரீகர் கப்பலைப் பயணிகளோடு எரித்ததும் இவர்தான். சிற்ப வேலையை மெச்சும் அதே மனதோடு அந்த உயிர்களையும் நினைக்கத்தான் வேண்டும்.

நமக்கும் லிஸ்பனோடு ஒரு பந்தம் உண்டு. அச்சேறிய முதல் தமிழ் நூல், ரோமன் எழுத்தில் கோத்த கிறிஸ்தவ ஜெபப் புத்தகம், 1554இல் இந்த நகரத்தில்தான் வெளியானது.

மடாலயத்துக்குப் பக்கத்திலேயே 1837 முதல் நடக்கும் கடையில் ‘பஷ்டெய்ஷ் டி பெலேம்’ என்ற இனிப்புப் பண்டம் கிடைக்கும். அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு மேலே பட்டைப்பொடியும் சர்க்கரைப் பொடியும் தூவிக்கொள்ள வேண்டும். கடித்தால் ஓடு பொரபொரவென உதிரும். உள்ளே முட்டை மஞ்சள்கருவும் பாலும் சேர்ந்த குழைவு. ஆளுக்கு ஒன்று போதவே போதாது.

மதியம்: பைஷா

லிஸ்பன் விழுந்த நாள் 1755 நவம்பர் 1. புனிதர் அனைவரின் திருநாள். தேவாலயங்களில் கூட்டம் நிறைந்திருந்த காலை வேளையில் நிலம் அதிர்ந்தது. வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள்மீது ஆழிப்பேரலை வந்தது. சரிந்த வீடுகளில் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. கார்மோ மடத்தின் தேவாலயம் இன்றும் கூரையில்லாமல் நிற்கிறது. விலா எலும்புகள் போன்ற வளைவுகளுக்கு மேலே வெறும் வானம். வேண்டுமென்றே அப்படி விட்டுவைத்திருக்கிறார்கள்.

கணவர் கட்டடப் பொறியாளர். கார்மோவுக்குக் கீழே, பைஷா வீதிகளில் அவரை நகர்த்தவே முடியவில்லை. அமைச்சர் பொம்பால் இந்தப் பகுதியை நேர்க்கோட்டு வீதிகளாகத் திரும்பக் கட்டினார். ஒவ்வொரு வீட்டின் சுவருக்குள்ளும் பெருக்கல் குறி வடிவில் குறுக்குக் கட்டைகள் கோத்த மரச்சட்டம் வைக்கப்பட்டது. “கல்லு உதிர்ந்தாலும் மரம் வளைஞ்சு கொடுத்துத் தாங்கும்” என்று சுவரைத் தட்டிக் காட்டினார். மாதிரிச் சட்டத்தைச் சுற்றிப் படைவீரர்களை அணிவகுத்து மிதிக்கவைத்துச் சோதித்தார்கள் என்பார்கள்.

அதைவிட என்னைத் தொட்டது பொம்பால் அனுப்பிய கேள்வித்தாள். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் உள்வாங்கியதா பொங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள் என்று நாட்டின் தேவாலயப் பங்குகள்தோறும் கேட்டு எழுதி வாங்கினார்கள். கடவுளின் தண்டனை என்று பிரசங்கம் நடந்த காலத்தில் அப்படிக் கேட்கத் துணிவு வேண்டும். நிலநடுக்க ஆய்வுக்கு அந்தப் பதில்கள் இன்றைக்கும் ஆதாரம்.

மாலை: அல்ஃபாமா

பேரழிவிலும் பெரும்பாலும் தப்பிய பழைய மேட்டுப்பகுதி அல்ஃபாமா. ஒற்றைப் பெட்டி கொண்ட 28ஆம் எண் டிராம் அந்தச் சந்துகளில் சுவரை உரசுவதுபோல ஏறும். ஜேப்படி அதிகம், கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். நடைபாதைக் கற்கள் வழவழவென்று இருப்பதால் பிடிமானமுள்ள காலணி கட்டாயம்.

அல்ஃபாமாவுக்கு அப்பாலுள்ள காட்சி மேடு சென்யோரா டோ மோன்டே. பலரும் முதலிலேயே அதில் ஏறிப் படம் எடுத்துவிட்டு இறங்குகிறார்கள். அந்த மேட்டைக் கடைசிக்கு வையுங்கள் என்பதே என் யோசனை. நகரின் பழைய கோட்டையும் கார்மோவின் வளைவுகளும் பைஷாவும் தேஜோவும் அங்கிருந்து ஒருசேரத் தெரியும். கீழே நடந்து பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் அது வெறும் அழகான காட்சியாக நின்றுவிடாது. எது அடுத்தவர் செல்வத்தில் எழுந்தது, எது சொந்த அறிவால் மீண்டது என்று பிரித்துச் சொல்ல முடியும். எனக்கு மதிப்பு அந்த இரண்டாவது லிஸ்பன்மீதுதான்.