பாட்டனார் தோட்டத்தைத் தேடிப் பதுளைக்கு வருவோர்க்கு

ஊவா மாகாணத்துக்கு வரும் விருந்தினர் இரு வகையினர். துன்ஹிந்த நீர்வீழ்ச்சியையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்புவோர் ஒரு வகை. அவர்களுக்கு வழிகாட்டும் நூல்கள் பல உள. மற்றவர்கள், கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் கையில் ஒரு பழைய காகிதத்துடன் வந்து, பதுளை பஸ் நிலையத்தில் நின்று, “எங்கள் தாத்தா பிறந்த தோட்டம் எந்தப் பக்கம்?” என்று கேட்பவர்கள். இவர்களுக்கு உதவும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

1964ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்ரீமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் தலைமன்னாரில் கப்பலேற, தம்பி தோட்டத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் எத்தனையோ! அவர்களுடைய பேரப்பிள்ளைகளே இன்று தேடி வருகின்றனர்.

புறப்படுமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வீட்டிலுள்ள குடும்ப அட்டை, பழைய கடவுச்சீட்டு, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்த டிவிஷன் என்பதும் வேண்டும். ஒரு தோட்டத்தின் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இடையே ஒரு மலையே குறுக்கிடலாம். நம்மவர் வழங்கிய பெயர் ஒன்றும் பலகையில் எழுதிய பெயர் வேறொன்றுமாக இருப்பதும் உண்டு. ஆதலால் கங்காணியின் பெயர், கோயில், அருகிலிருந்த கடைத்தெரு என்று முதியவர்கள் சொல்வதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போன தோட்டங்களில் பழைய பேரேடுகள் கிடைக்குமென்று நம்பி வருதல் வேண்டாம். முதியோர் நினைவே நமக்கு நல்ல பேரேடு.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் புகையிரதப் பிரயாணம் ஏறத்தாழப் பத்து மணி நேரம். 1924இல் பதுளையை எட்டிய பாதை இது. பட்டிப்பொலையைக் கடந்து சுரங்கத்துள் நுழையும்போது மழையாயிருந்து, ஒஹியாப் பக்கம் வெளிவரும்போது வெயிலடிப்பதைக் கண்டு வியக்காதவர் இல்லை. அங்கேதான் ஊவா தொடங்குகின்றது. ஆனால் 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. ஆகவே வண்டி எதுவரை ஓடுகின்றதென்று கொழும்பிலேயே விசாரித்தறிதல் அவசியம். தம்பேதன்னைக்குச் செல்வோர் ஹப்புத்தளையிலும், பூனாகலைக்குச் செல்வோர் பண்டாரவளையிலும் இறங்கலாம். பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்தார் பதுளைக்கே வந்து பஸ் ஏறுவது சௌகரியம்.

காலமோ, ஜூலை முதல் செப்டெம்பர் வரை நன்று. கச்சான் காற்று வறட்சியாக வீசும் அந்நாட்களில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணம் ஏறுகின்றது. அக்டோபர் முதல் ஜனவரி வரை அடைமழை. மண்சரிவு அச்சமும் உண்டு. கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணில் புதைந்ததை யார் மறப்பார்? கம்பளிச் சட்டையும் குடையும் எக்காலத்திலும் வேண்டும். அட்டைக் கடிக்கு உப்போ சவர்க்காரமோ கொண்டு வாருங்கள்.

தோட்டத்தை அடைந்ததும் நேரே லயத்துக்குள் நுழைந்து படம் பிடிக்கத் தொடங்குதல் தகாது. அது கண்காட்சியன்று, குடியிருக்கும் வீடு. முதலில் தோட்டக் காரியாலயத்தில் வந்த காரியத்தைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை உத்தமம், மற்ற நாட்களில் காலையிலேயே எல்லோரும் கொழுந்தெடுக்க மலையேறிவிடுவர். பிள்ளைகளுக்குக் காசு நீட்டுவதைவிட, பதுளைக் கடைத்தெருவில் ஒரு பெட்டி பலகாரம் வாங்கிச் செல்வது மரியாதை.

சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரியிலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்குத் துணையாக நாம் சென்றோம். அவர் பத்து வயதில் புறப்பட்டவர். ஒரு தோட்டத்தின் காரியாலயத்தில் அப்படியொரு பெயரே இல்லையென்று கையை விரித்துவிட்டனர். மனமுடைந்து திரும்புகையில் கொழுந்து மடுவத்தருகே ஒரு கிழவி, “யாருய்யா தேடுறீங்க?” என்றாள். அவர் கங்காணியின் பெயரைச் சொன்னார். கிழவி அவருடைய முகத்தையே சற்று நேரம் உற்று நோக்கி, “நீ கோயில் பூவரசிலேருந்து விழுந்து கையை ஒடிச்சுக்கிட்ட பயதானே?” என்றாள். பெரியவர் பேசவில்லை, சட்டைக் கையை மேலே சுருட்டி, வளைந்திருந்த முழங்கையைக் காட்டினார்.

லயம் இருந்த இடத்தில் தேயிலை நட்டிருந்தார்கள். கோயில் இருந்தது, பூவரசு இல்லை. அவருடைய சிற்றப்பா மகன் அடுத்த டிவிஷனில் இருப்பதாகக் கிழவியே ஒரு பையனை அனுப்பி அழைத்து வரச் செய்தாள். இருவரும் சந்தித்தபோது பிற்பகல் மூன்று மணி. பதுளைக்குக் கடைசி பஸ் நான்கரைக்கு. அந்த ஒன்றரை மணி நேரம் எதற்குக் காணும்?

ஆகவே அன்பர்களே, ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டமிட வேண்டாம். பதுளையிலோ பண்டாரவளையிலோ அறை எடுத்து, குறைந்தது மூன்று நாட்களை ஒதுக்கி வாருங்கள். முதல் நாள் தேடுவதற்கே போய்விடும்.