வீட்டுப் பெரியவர்களுக்கு 'பிளட் தின்னர்' மாத்திரையா? இதையெல்லாம் கவனிங்க!

வீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், அவர்களின் மாத்திரை டப்பாவை ஒருமுறை பாருங்கள். வார்ஃபரின், அசினோகுமரால், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல்... இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கலாம். 'ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை' என்று சொன்னாலும், இவை ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்வதில்லை. எளிதில் உறையாமல் தடுக்கின்றன.

இது எதற்கு? வயதானவர்கள் சிலருக்கு இதயம் சீரில்லாமல் துடிக்கும். அப்போது இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி, கட்டியாக உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் வார்ஃபரின் போன்ற மாத்திரைகள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் தரப்படுகின்றன.

ஐ.என்.ஆர் எவ்வளவு?

வார்ஃபரின், அசினோகுமரால் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர் ரத்தப் பரிசோதனை அவசியம். மாத்திரை எடுக்காதவருக்கு இது சுமார் 1. எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு இந்த அளவு மாறலாம். குறைந்தால் ரத்தக்கட்டி அபாயம். கூடினால் ரத்தக்கசிவு அபாயம்.

மூட்டுவலி மாத்திரை, கீரை

முழங்கால் வலிக்கிறதென்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போடுவதுதான் பெரிய ஆபத்து. இவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம்.

முருங்கைக்கீரை போன்றவற்றில் உள்ள வைட்டமின் கே, வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். கீரையை நிறுத்த வேண்டாம். வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

உடனே மருத்துவரைப் பாருங்கள்

* தார் போல கறுப்பாக மலம் போவது, சிறுநீரில் ரத்தம்
* ஈறு, மூக்கிலிருந்து நிற்காத கசிவு
* அடிபடாமலே உடலில் பெரிய நீலத் திட்டுகள்
* ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் (இவை ரத்தம் உறைந்ததன் அறிகுறிகள்)

பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம், சில நாள்கள், ஏன் சில வாரங்கள் கழித்துக்கூட தலைவலி, தூக்கக் கலக்கம், குழப்பம் என வெளிப்படலாம். 'வயசாயிடுச்சு, அதான் மறதி' என்று விட்டுவிடாதீர்கள்.

பல் பிடுங்கப் போகிறோம் என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தினால் பக்கவாத அபாயம் கூடும். பல் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். இதய மருத்துவரிடமும் கேட்டு அவர் முடிவு செய்வார்.