விலை ஒரே ஒரு பவுண்டு

மரக் கொட்டகையில் பிறந்த அணி அது. ஆங்கிலேய மர வியாபாரி கென் டிரெல், ஜாக்கி ஸ்டூவர்ட்டை வைத்து 1971-லும் 1973-லும் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றார். 1976-ல் ஆறு சக்கரக் காரை ஓடவிட்டு ஊரையே வாய்பிளக்க வைத்தவரும் அவரே. பின்னர் அணி கைமாறிக் கைமாறி ஹோண்டாவிடம் போனது.

பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டி டிசம்பர் 2008-ல் ஹோண்டா விலக, பிராக்லி தொழிற்சாலையின் நூற்றுக்கணக்கான ஊழியர்களின் பிழைப்பு அந்தரத்தில். நிர்வாகி ராஸ் பிரான் சகாக்களுடன் சேர்ந்து அணியை வாங்கினார், ஒரு பவுண்டுக்கு. ஆனாலும் பலரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

புதிய ஒற்றை இருக்கைக் கார் பிஜிபி 001-ஐ ஹோண்டா எஞ்சினுக்காக வடிவமைத்திருந்தார்கள். கிடைத்ததோ மெர்சிடிஸ். பின்பகுதியை வெட்டித் திருத்தித்தான் பொருத்த முடிந்தது. விளம்பரதாரர்கள் இல்லாத வெள்ளை உடம்பு. ரகசியம் வாலடியில்: இரட்டை டிஃப்யூசர். அடியில் பாயும் காற்றுக்குக் கூடுதல் வழி திறந்து, காரைத் தரையோடு அழுத்தும் உத்தி. எதிரணிகளின் புகார் மேல்முறையீட்டிலும் எடுபடவில்லை.

மார்ச் 2009-ல் மெல்போர்னில் ஜென்சன் பட்டன் முதலிடம், பாரிக்கெல்லோ இரண்டாமிடம். முதல் 7 பந்தயங்களில் பட்டனுக்கு 6 வெற்றி. பிறகு வேகம் தணிந்தது. மேம்படுத்தக் காசு வேண்டாமா? ஆயினும் பிரேசிலில் ஐந்தாமிடமே போதுமானதாயிற்று: ஓட்டுநர், அணி இரு பட்டங்களும் கைக்கு வந்தன. நவம்பரில் மெர்சிடிஸ் அணியை வாங்கியது. பிரான் என்ற பெயர் ஒரே பருவத்தோடு மறைந்தது.