மழை மறைக்கும் எண்ணெய்

2013 ஜூலையில் சென்னைத் தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டை ஒட்டிய தெருக்களில் மோட்டார் போட்டவர்களுக்கு போர் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. வாளியில் பிடித்து வைத்தால் சற்று நேரத்தில் எண்ணெய் மேலே தனியாகப் பிரிந்து நின்றது. துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டை கிடங்குக்குப் போகும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு இருந்தது பிறகு தெரிந்தது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தபோதும் ஊரே கறுப்பைக் கண்ணால் பார்த்தது. வலையிலும் படகிலும் அது ஒட்டிக் கிடந்தது. மண்ணுக்குள் போன எண்ணெய்க்கு அப்படிச் சாட்சி கிடையாது. அதனால்தான் அதை மறப்பதும் எளிதாகிவிடுகிறது.

குழாயிலிருந்து ஒழுகும் எண்ணெய் கடலோர மணலில் கீழ்நோக்கி இறங்கும். ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம்தான், தண்ணீரைவிட லேசு. எனவே நிலத்தடி நீர்மட்டத்தை எட்டியதும் அங்கேயே தங்கிப் பக்கவாட்டில் பரவும். குளத்தில் மிதக்கும் படலம்போல இதை நினைத்துக்கொள்ளக் கூடாது. மணல் துகள்களின் இடுக்கில் தண்ணீரும் காற்றும் எண்ணெயும் கலந்து கிடக்கும். தெரு முழுக்க மோட்டார் ஓடினால், தண்ணீர் இழுபடும் பக்கமே எண்ணெயும் நகரும்.

எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கண்காணிப்புக் கிணறுகள் போடுவார்கள். நுனியில் உணர்கருவி பொருத்திய அளவு நாடாவை மெல்ல இறக்கினால், எண்ணெயைத் தொட்டதும் ஒரு சத்தம், அதைத் தாண்டித் தண்ணீரைத் தொட்டதும் வேறு சத்தம். இரண்டுக்கும் இடைப்பட்ட நீளம்தான் கிணற்றில் நிற்கும் எண்ணெயின் கனம். சுற்றியுள்ள மண்ணிலும் அதே கனம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிணற்றுக்குள் அது பல மடங்கு கூடுதலாகவும் காட்டலாம்.

இதில் சென்னையின் பருவத்தைக் கவனிக்காவிட்டால் கணக்கே தப்பாகும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறும்போது, மணலில் ஒட்டிய எண்ணெய் தண்ணீருக்கடியில் சிக்கிக்கொள்ளும். கிணற்றில் எண்ணெய் குறைந்ததுபோலத் தெரியும், சில சமயம் காணாமலே போகும். கோடையில் மட்டம் இறங்கினால் சிக்கிக் கிடந்தது விடுபட்டு மறுபடி கிணற்றுக்கு வரும். ஆண்டுதோறும் இப்படி ஏறி இறங்குவதில் எண்ணெய் மண்ணில் மேலும் கீழுமாகப் பூசப்படுகிறது. எரிபொருள் கசிந்த இடத்தில் டிசம்பரில் மட்டும் அளந்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

சுத்தம் செய்வதிலும் முதல் கட்டம் சுலபம்: மிதப்பதைப் பம்பு வைத்து எடுப்பது. ஓடி வரக்கூடிய எண்ணெய்தான் அதில் வரும். துகளைப் பிடித்துக்கொண்டது அங்கேயே நிற்கும். பெட்ரோல் என்றால் மண்ணின் காற்றை உறிஞ்சி ஆவியாக வெளியே எடுக்கலாம். டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. அதற்கு மண்ணுக்குள் காற்றைச் செலுத்தி, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் கிடைக்கச் செய்ய வேண்டும். இது ஆண்டுக்கணக்கான வேலை. மண்ணைத் தோண்டி எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு அடியில் எங்கே தோண்டுவது?

எண்ணெய் மிதக்காத தண்ணீரும் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. பெட்ரோலில் உள்ள பென்சீன் தண்ணீரில் கரையும். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த அளவில் வாடையும் தெரியாது, நிறமும் தெரியாது. ஆய்வகத்தில்தான் தெரியும்.

எனவே உங்கள் தெருக் கிணறு சுத்தம் என்று யாராவது அறிக்கை நீட்டினால், எந்த மாதம் அளந்தது என்று முதலில் பாருங்கள். அதே கிணற்றின் மே, ஜூன் அளவையும் பென்சீன் முடிவையும் கேளுங்கள். ஒரு கோடைக்கு மட்டுமல்ல, அடுத்தடுத்த கோடைகளுக்கும்.