மீன் தொட்டிக்குத் தானாகத் தண்ணி ஊத்தும் பம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

லயத்துக் காம்பிராவில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வைத்து கப்பி வளர்க்கும் தம்பி தங்கச்சிமார் இன்று பல தோட்டங்களில் இருக்கிறார்கள். குஞ்சு பெருகினால் நாலு காசும் வருகிறது. காலையில் மலைக்குப் போய் பொழுது சாயத் திரும்பும் வீட்டில் தொட்டித் தண்ணி குறைவதை யார் பார்ப்பது என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். அதற்குத்தான் இந்த விளக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒரே ஒரு தொட்டி என்றால் பம்ப் தேவையே இல்லை, ஒரு ஜக்குப் போதும். மூன்று நாலு தொட்டி வைத்திருப்பவர்கள் மேலே வாசியுங்கள்.

தண்ணி ஆவியாகப் போகும்போது அதிலுள்ள உப்பும் அழுக்கும் போவதில்லை, தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்ததை நல்ல தண்ணியால் அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமாக நிரப்ப வேண்டும். பீலித் தண்ணி எங்கள் பக்கம் எவ்வளவு குளிர் என்று உங்களுக்கே தெரியும். ஒரேயடியாக ஒரு வாளி ஊத்தினால் கப்பி தாங்காது.

இந்த ஏற்பாட்டில் மூன்று சாமான்தான். கீழே தண்ணிக் கேன், அதற்குள் சின்னப் பம்ப், தொட்டியில் ஒரு மிதவைச் சுவிட்ச். தண்ணி இறங்கினால் மிதவை இறங்கி பம்ப் ஓடும், ஏறினால் நிற்கும்.

கடை முதலாளி பெரிய பம்பைத்தான் எடுத்துக் காட்டுவார். வேண்டாம். கணக்குப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம் உள்ள தொட்டியில் 1 சென்டிமீட்டர் தண்ணி குறைந்தால் அது 1.8 லீட்டர். மணிக்கு 200 லீட்டர் தள்ளும் பம்ப் அதை ஒரு நிமிசத்துக்குள் கொண்டுவந்துவிடும். அதைவிடப் பெரிசு எதற்கு? சுவிட்ச் இறுகிப்போனால் பெரிய பம்ப் சீக்கிரமாய் வீட்டை நனைக்கும், அவ்வளவுதான்.

பெட்டியில் போட்டிருக்கும் உயரத்தைக் கட்டாயம் பாருங்கள். "1 மீட்டர்" என்று இருந்தால், 1 மீட்டரில் நன்றாகத் தள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்பதே அதன் அர்த்தம். கேனின் அடியிலிருந்து தொட்டியின் விளிம்பு வரை நூல் பிடித்து அளந்து, அதைப்போல் இரண்டு மடங்கு போட்ட பம்பை வாங்குங்கள். இரண்டரை அடி மேசையில் ஓரடித் தொட்டி என்றால் 2 மீட்டர் பம்ப் சரியாக இருக்கும்.

கரண்ட் விசயம் விளையாட்டில்லை. பிள்ளைகள் கை விடும் தண்ணி அது. 230 வோல்ட்டில் நேரே ஓடும் பம்பை விட, அடப்டர் வைத்து 12 வோல்ட்டில் ஓடுவதையே நாம் சொல்வோம். அடப்டரைத் தொட்டிக்கு மேல் மட்டத்தில் வையுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும், வயர் வழியே வரும் தண்ணி அந்த வளைவில் சொட்டிவிடும். சின்ன மிதவைச் சுவிட்சில் பம்பை நேரடியாகக் கோர்த்தால், ஓடத் தொடங்கும்போது இழுக்கும் கரண்டில் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். நடுவில் ரிலே உள்ள ரெடிமேட் செட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பைப்பின் நுனியைத் தொட்டித் தண்ணிக்குள் அமுக்கி வைத்திருந்தார்கள். பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணி அதே பைப் வழியாகக் கீழே இறங்கியது. மட்டம் குறைய பம்ப் மறுபடி ஓடியது. இரவு முழுக்க இப்படி ஏறி இறங்கி, விடியும்போது பம்ப் எரிந்து கிடந்தது! நுனி எப்போதும் தண்ணிக்கு மேலே இருக்க வேண்டும். கேனைத் தொட்டியைவிட உயரத்தில் வைக்கவும் கூடாது, பம்ப் நின்றாலும் தண்ணி தானாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

கேன் சின்னதாகவே இருக்கட்டும். சுவிட்ச் பழுதாகி கேனில் உள்ளது முழுவதும் ஏறினாலும் தொட்டி வழியக் கூடாது. மேலே 5 சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டால் 9 லீட்டர் கொள்ளும், 5 லீட்டர் கேன் தாராளம். ஆனால் கேன் காலியாகி பம்ப் வெறுமனே ஓடினால் சூடாகிக் கெட்டுப்போகும். ஆகவே மாலையில் வீடு திரும்பியதும் கேனை ஒருதரம் பாருங்கள், மிதவையில் பாசி பிடித்திருந்தால் துடைத்துவிடுங்கள்.