பென் டிரைவுக்கு அம்மை போட்டால்...

அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு அவருடைய அறுபதாம் கல்யாணப் போட்டோ ஒன்றைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தப் படங்கள் எல்லாம் இருந்தது ஒரே ஒரு பென் டிரைவில்தான். அதை ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, சேரப்பணஞ்சேரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மாலையில் மகன் அதைத் தன் லாப்டாப்பில் செருகினான். உடனே ஆன்ட்டி வைரஸ் 'ஆபத்து' என்று எச்சரித்தது. அவன் ஏதோ அழுத்தினான். அவ்வளவுதான், பென் டிரைவே காலி!

"எல்லாத்தையும் வைரஸ் தின்னுடுச்சும்மா. ஃபார்மட் பண்ணா பென் டிரைவாவது மிஞ்சும்" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பிக்கு ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. ஷிஃப்ட் முடிந்து படியேறியவர், என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே வந்தார்.

"அக்கா, எதையும் தொடாதீங்க. இங்க பாருங்க, 16 ஜி.பி.யில 9 ஜி.பி. நிறைஞ்சிருக்குன்னு காட்டுது. காலிப் பாத்திரம் இவ்வளவு கனக்குமா?" என்றார்.

விஷயம் இதுதான். இந்த வகை வைரஸ் நம் ஃபோல்டர்களை அழிப்பதில்லை, மறைத்து வைக்கிறது. அதே பெயரில் போலியாக ஒரு ஷார்ட்கட்டை வைத்துவிடுகிறது. நாம் அதைத் திறந்தால் வைரஸ் ஓடும்; நம் ஃபோல்டரும் கூடவே திறக்கும் என்பதால் சந்தேகமே வராது. ஆன்ட்டி வைரஸ் போலியை மட்டும் எடுத்துவிட்டது. அசல் மறைந்தே கிடந்தது. மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி அவர் செட்டிங்கை மாற்றினார். அப்பாவும் அம்மாவும் மாலையும் கழுத்துமாக வந்து நின்றார்கள்! ஃபார்மட் செய்திருந்தால்? நினைத்தாலே நடுங்குகிறது.

அன்று அவர் சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டேன். உங்களுக்கும் உதவும்.

1. வைரஸ் உள்ள ஃபைல் கிடைத்தால் முதலில் 'குவாரண்டைன்' கொடுங்கள். வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டால் தனி அறையில் வேப்பிலை கட்டிப் படுக்க வைக்கிறோமே, அதே மாதிரிதான். ஃபைல் பூட்டப்பட்டிருக்கும், பரவாது. தேவையென்றால் மீட்கலாம். 'டெலீட்' கொடுத்தால் மீட்பது கஷ்டம்.

2. ஆன்ட்டி வைரஸும் சில சமயம் தப்பாகச் சொல்லும். 2010 ஏப்ரலில் மெக்காஃபி நிறுவனத்தின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி-க்கு அத்தியாவசியமான ஒரு ஃபைலையே வைரஸ் என்று பிடித்து, பல நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கிவிட்டது. ஆகவே ஃபைலின் பெயரையும் இருந்த இடத்தையும் பாருங்கள். ஓசியில் இறக்கிய சினிமா, சாஃப்ட்வேர் என்றால் யோசிக்காமல் அழிக்கலாம். நம்முடைய சொந்த ஃபைல் என்றால் தெரிந்தவரைக் கேளுங்கள். நிச்சயமாகத் தெரியாமல் 'அலோ' மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

3. பிறகு ஆன்ட்டி வைரஸை அப்டேட் செய்து, முழு ஸ்கேன் ஓட விடுங்கள். விண்டோஸ் 10, 11-ல் 'டிஃபெண்டர்' இலவசமாகவே இருக்கிறது. போன வைரஸ் திரும்பத் திரும்ப வந்தால், அதிலேயே உள்ள 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா'வும் இலவசக் கருவிகள் தருகிறது.

4. அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் கணக்கு பார்த்திருந்தால், வேறு நல்ல போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

5. கடைக்குக் கொண்டுபோகும் பென் டிரைவில் பிரிண்ட் எடுக்க வேண்டிய ஃபைல் மட்டும் இருக்கட்டும்.

இன்னொரு வகை வைரஸ் இதைவிடப் பொல்லாதது. நம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 2017 மே 12 அன்று பரவிய 'வான்னாக்ரை' அப்படித்தான் 150-க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கியது. எங்கள் ஒரகடத்து ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலையும் தப்பவில்லை. இத்தனைக்கும் அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது! 'அப்டேட் செய்' என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது, 'அப்புறம்' என்று தள்ளக்கூடாது என்பது இதனால்தான். இந்த வகையில் வைரஸை விரட்டினாலும் பூட்டு திறக்காது. தனியே எடுத்து வைத்த காப்பிதான் கைகொடுக்கும்.

அப்பாவின் படங்கள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று லாப்டாப்பில், ஒன்று தம்பி வீட்டில், மற்றொன்று பீரோவில், என் தாலிச்சரடு டப்பாவுக்குப் பக்கத்தில். நகைக்கு மட்டும்தானா பூட்டும் சாவியும், சகோதரிகளே?